கூகுள் ரிவ்யூவா, லிஸ்டிங் கம்பெனியா, வாட்ஸ்அப் குழுவா? எல்லையோர சர்வீஸ் தொழிலுக்கு எது கைகொடுக்கும்

போன மாதம் கன்னியாகுமரி மாவட்டத்தின் கேரள எல்லையில் இருக்கும் பனச்சமூட்டிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டான். பிளம்பிங் வேலை பார்ப்பவன். "அண்ணே, கையில பத்தாயிரம் ரூபா இருக்கு. லிஸ்டிங் கம்பெனிக்குக் கட்டவா, இல்ல கூகுள்ல ரிவ்யூ ஏத்தவா?" என்று கேட்டான். லிஸ்டிங் கம்பெனி என்றால் ஜஸ்ட்டயல் மாதிரி, காசு வாங்கிக்கொண்டு நம் பெயரைப் பட்டியலில் மேலே காட்டுபவர்கள். அதே வாரம் இன்வெர்ட்டர் சர்வீஸ் செய்யும் ஒரு நண்பரும், வீடு தேடிப் போய் மணப்பெண் அலங்காரம் செய்யும் ஓர் அக்காவும் ஏறக்குறைய இதையே கேட்டார்கள். மூன்று பேருக்கும் மூன்று விதமாகப் பதில் சொன்னேன். ஃபோனை வைத்த பிறகுதான், ஏன் ஒரே கேள்விக்கு மூன்று பதில் வந்தது என்று யோசித்தேன். அந்த யோசனைதான் இந்தக் கட்டுரை.

நான் மார்த்தாண்டத்தில் ஃப்ரிட்ஜ், ஏசி, வாஷிங் மெஷின் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். நானும் தம்பியும், கூட இரண்டு பையன்கள். கிழக்கே தக்கலை வரை போவோம். மேற்கே களியக்காவிளை தாண்டி, கேரளத்தில் இருக்கும் பாறசாலை, நெய்யாற்றின்கரை வரை போவோம். 1956 நவம்பர் 1-க்கு முன்பு வரை இரண்டு பக்கமும் ஒரே மாநிலமாக இருந்த நிலம் இது. ஆட்சி பிரிந்தாலும் கல்யாணமும் வைத்தியமும் சந்தையும் பிரியவில்லை. ஆனாலும் சர்வீஸ்காரனுக்கு ஒரு சிக்கல் உண்டு. எல்லைக்கு இந்தப் பக்கம் நம்மை அப்பா பெயரைச் சொன்னாலே தெரியும். அந்தப் பக்கம் யாருக்கும் தெரியாது. அங்கே நமக்காகப் பேசப் போவது முன்பின் தெரியாத ஒருவர் எழுதிய இரண்டு வரிதான்.

## முதலில், எதை வைத்து அளப்பது

காசு எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: உங்களைக் கூப்பிடலாமா வேண்டாமா என்று முடிவு எடுக்கும் ஆள் எங்கே உட்கார்ந்து முடிவு எடுக்கிறார்? எங்கள் பக்கத்தில் மூன்று விதமான ஆட்கள் இருக்கிறார்கள்.

ஒருவர் உள்ளூர்க்காரர். பக்கத்து வீட்டில் கேட்பார், சர்ச் வாட்ஸ்அப் குழுவில் கேட்பார், அப்புறம்தான் ஃபோனில் தேடுவார். இரண்டாமவர் எல்லைக்கு அப்பால் இருப்பவர். மலையாளத்தில் பேசுவார், மேப்பைத் திறந்து தேடுவார். நம் கடை அவர் கண்ணுக்கு ஒரு சிவப்புப் புள்ளி, ஒரு எண், சில ஸ்டார்கள். அவ்வளவே.

மூன்றாமவரைத்தான் நம்மில் நிறைய பேர் மறந்துவிடுகிறோம். கொல்லங்கோட்டில் அம்மா தனியாக இருப்பார், மகன் மஸ்கட்டில் இருப்பார். ஏசி ஓடவில்லை என்று அம்மா சொன்னதும் மகன் அங்கிருந்தே தேடுவார், அங்கிருந்தே கூப்பிடுவார், அங்கிருந்தே காசும் அனுப்புவார். நூறு ரூபாய் கூடவா குறைவா என்பது அவருக்குப் பெரிய விஷயமில்லை. அம்மா தனியாக இருக்கும் வீட்டுக்குள் வரப்போகும் ஆள் எப்படிப்பட்டவர் என்பதுதான் கவலை. "அம்மா மட்டும்தான் இருந்தாங்க, பொறுமையா விளக்கிச் சொல்லிட்டு, மாத்துன பார்ட்டையும் காட்டிட்டுப் போனாங்க" என்று யாரோ எழுதிய ஒரு வரி, அவருக்கு நம் விளம்பரம் எல்லாவற்றையும்விடப் பெரிது.

இந்த மூன்று பேரில் உங்களுக்கு யார் அதிகம் என்று தெரிந்துகொண்டால் பாதி முடிவு எடுத்த மாதிரிதான். மீதிக்கு நான் பார்ப்பவை: கையை விட்டுப் போகும் காசு, பிடிக்கும் நேரம், சேரும் நல்ல பெயர் யார் வசம் இருக்கிறது, கெட்ட பெயர் வந்தால் பதில் சொல்ல வழி உண்டா, எல்லை தாண்டிப் போகுமா.

| | கூகுள் மேப் | லிஸ்டிங் / லீட் கம்பெனி | சர்வீஸ் ஆப் | வாட்ஸ்அப் குழு |
|---|---|---|---|---|
| காசு | இலவசம் | வருடச் சந்தா அல்லது லீடுக்கு (அனுப்பும் ஒவ்வொரு விசாரிப்புக்கும்) இவ்வளவு | ஒவ்வொரு வேலையிலும் கமிஷன் | இலவசம் |
| பலன் தெரிய | சில மாதம் | சில நாள் | சேர்ந்த உடனே | உடனே, ஆனால் நிலையில்லை |
| நல்ல பெயர் யார் வசம் | உங்கள் வசம், ஜிமெயில் உங்களுடையது என்றால் | கம்பெனியின் பக்கத்தில் | முழுக்க ஆப் வசம் | குழுவின் ஞாபகத்தில் |
| குறை வந்தால் | எல்லோரும் பார்க்கப் பதில் எழுதலாம் | எழுதலாம், பார்ப்பவர் குறைவு | ஆப் சொல்வதுதான் | குழுவில் இல்லையென்றால் தெரியவே தெரியாது |
| எல்லை தாண்டுமா | தாண்டும் | ஊர்ப் பட்டியலைப் பொறுத்தது | நகரத்துக்குள் மட்டும் | ஆள் தெரிந்தால் தாண்டும் |
| யாருக்குப் பொருந்தும் | வளைகுடா மகன், அக்கரை வாடிக்கையாளர் | ஊருக்குப் புதியவர், பெரிய தொகை வேலை | நகரவாசி | உள்ளூர்க்காரர் |

## கூகுள் மேப் ரிவ்யூ

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நிறைய பேர் இதை அரைகுறையாகச் செய்துவிட்டு "பலன் இல்லை" என்கிறார்கள்.

கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் என்பது இலவசம். முன்பு இதற்கு கூகுள் மை பிசினஸ் என்று பெயர், 2021-ல் மாற்றினார்கள். உள்ளூர்த் தேடலில் யாரை மேலே காட்டுவது என்பதற்கு கூகுள் மூன்று விஷயங்களைச் சொல்கிறது: தேடியதற்கும் உங்கள் தொழிலுக்கும் உள்ள பொருத்தம், தூரம், நீங்கள் எவ்வளவு அறியப்பட்டவர் என்பது. ரிவ்யூவின் எண்ணிக்கையும் ஸ்டாரும் மூன்றாவதில் சேரும். எல்லையோரத்தில் இருக்கும் நமக்குத் தூரம் எப்போதும் பாதகம்தான். நெய்யாற்றின்கரையில் தேடுபவருக்கு நெய்யாற்றின்கரைக் கடைதான் முதலில் வரும். தூரத்தை நம்மால் மாற்ற முடியாது. நம் கையில் இருப்பது மூன்றாவது ஒன்றுதான்.

ரிவ்யூ நிஜமாகவே வருமானத்தைக் கூட்டுமா? 2011-ல் ஹார்வர்டைச் சேர்ந்த மைக்கேல் லூகா, அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகங்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார். யெல்ப் என்ற ரிவ்யூ தளத்தில் ஒரு ஸ்டார் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் வரை கூடியது. எனக்கு முக்கியமாகப் பட்டது அடுத்த விஷயம்: அந்தப் பலன் தனி உணவகங்களுக்குத்தான் கிடைத்தது, ஊரெல்லாம் கிளை வைத்த பெரிய பெயர்களுக்கு இல்லை. அவர்களை எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும் அல்லவா. உணவகத்தின் கணக்கு ஏசி மெக்கானிக்குக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் பெயர் தெரியாத சின்னக் கடைக்குத்தான் ரிவ்யூ அதிகம் உதவுகிறது என்ற திசையை நான் என் கடையிலேயே பார்த்திருக்கிறேன்.

எண்ணிக்கை ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. உங்களுக்கு நான்கே ரிவ்யூ, நான்கும் 5 ஸ்டார். யாரோ ஒருவர் கோபத்தில் 1 ஸ்டார் போட்டால் சராசரி 4.2 ஆகிவிடும். அதை மறுபடி 4.8-க்குக் கொண்டுவர இன்னும் பதினைந்து பேர் 5 ஸ்டார் போட வேண்டும். நாற்பது 5 ஸ்டார் ரிவ்யூ இருக்கும்போது அதே 1 ஸ்டார் வந்தால் 4.9-ல் நிற்கும். மழை வருவதற்கு முன்னால் ஓடு மாற்றுகிற மாதிரி, குறை வருவதற்கு முன்னாலேயே சேர்த்துவைக்க வேண்டும்.

எப்படிக் கேட்பது? நான் செய்வதைச் சொல்கிறேன். வேலை முடிந்து ஏசியில் குளிர்காற்று வந்து, வீட்டுக்காரர் கையை நீட்டிப் பார்த்துச் சிரிக்கும் நேரம் இருக்கிறதே, அதுதான் நேரம். பில்லோடு ஒரு சின்ன அட்டை கொடுப்போம், அதில் கியூஆர் கோடு. ப்ரொஃபைலில் ரிவ்யூ கேட்பதற்கான இணைப்பையும் கியூஆர் கோடையும் கூகுளே தருகிறது. "எப்படி இருந்துச்சுன்னு உள்ளதை எழுதுங்க" என்று மட்டும் சொல்வோம். என்ன எழுத வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பதில்லை. சாயங்காலம் அதே இணைப்பை வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு தடவை அனுப்புவோம். இரண்டாவது தடவை நினைவூட்டினால் தொந்தரவு. பத்துப் பேரிடம் கேட்டால் இரண்டு மூன்று பேர் எழுதுவார்கள், அது போதும். வயதான அம்மாக்களால் எழுத முடியாது. அவர்களிடம் கேட்பதற்குப் பதிலாக, கூப்பிட்ட மகனுக்கே இணைப்பை அனுப்பிவிடுவோம்.

இரண்டு தவறுகளை இங்கே எல்லோரும் செய்கிறார்கள். ஒன்று, "ரிவ்யூ போட்டா நூறு ரூபா குறைச்சுக்கறேன்" என்பது. இது கூகுள் விதிப்படி கூடாது. இன்னொன்று, திருப்தியாக இருக்கிறார் என்று தெரிந்தவரிடம் மட்டும் கேட்டு, முகம் சுளித்தவரிடம் கேட்காமல் நழுவுவது. அதுவும் விதிக்கு எதிரானதுதான். என் அனுபவத்தில், முகம் சுளித்தவரிடமும் கேட்போம் என்று தெரிந்தால் பையன்கள் வேலையை இன்னும் ஒழுங்காகச் செய்கிறார்கள்.

மொழியைப் பற்றிப் பயப்பட வேண்டாம். எங்களில் பலருக்கு மலையாளம் பேச வரும், எழுதப் படிக்க வராது. ரிவ்யூவை கூகுள் மொழிபெயர்த்துக் காட்டுகிறது. பதில் எழுதவும் ஃபோன் கீபோர்டில் மலையாளத்தைச் சேர்த்துக்கொண்டு மைக்கைத் தொட்டுப் பேசினால் போதும், அதுவே எழுதித் தரும். நெய்யாற்றின்கரைக்காரர் மலையாளத்தில் எழுதியதற்கு மலையாளத்திலேயே பதில் இருந்தால், அடுத்து படிக்கும் மலையாளிக்கு நாம் அவர் வீட்டுக்கு வந்து பழக்கப்பட்டவர்கள் என்று தெரிந்துவிடும்.

மறைந்திருக்கும் செலவுகள். முதலாவது, ப்ரொஃபைல் யாருடைய ஜிமெயிலில் இருக்கிறது என்பது. மூவாயிரம் வாங்கிக்கொண்டு ஒருவர் "செட் பண்ணித்" தருவார், தன் ஜிமெயிலிலேயே தொடங்கிவிடுவார். இரண்டு வருடம் கழித்து எழுபது ரிவ்யூ சேர்ந்த பிறகு அவர் ஃபோன் எடுக்க மாட்டார். நீங்களே உங்கள் ஜிமெயிலில் தொடங்குங்கள். உதவிக்கு ஆள் வேண்டுமென்றால் அவரை மேனேஜராகச் சேருங்கள், உரிமையாளராக வேண்டாம்.

இரண்டாவது, பெயர். போர்டில் இருக்கும் பெயரைத்தான் கூகுளிலும் போட வேண்டும். பெயரோடு "பெஸ்ட் ஏசி சர்வீஸ் மார்த்தாண்டம் பாறசாலை" என்று வால் ஒட்டினால் கூகுள் உங்கள் ப்ரொஃபைலையே நிறுத்திவைக்கலாம். சேர்த்த ரிவ்யூ எல்லாம் அதோடு கண்ணுக்கு மறைந்துபோகும்.

மூன்றாவது, "கூகுள்லேர்ந்து பேசறோம், பணம் கட்டலேன்னா உங்க லிஸ்டிங் நின்னுடும்" என்று வரும் அழைப்பு. ப்ரொஃபைலுக்குக் கட்டணமே கிடையாது. ஃபோனை வைத்துவிடுங்கள்.

நான்காவது, மனசு. இதற்குத்தான் விலை அதிகம். இரண்டு வருடம் முன்பு துலாவர்ஷ நேரம், அதாவது ஐப்பசி மழைக் காலம். இடிமின்னலில் போர்டு எரிந்துபோன ஏசிகளும் ஃப்ரிட்ஜ்களும் வரிசையாக வந்து நின்றன. நெய்யாற்றின்கரையில் ஒருவரிடம் "இன்னைக்கே வர்றோம் சேட்டா" என்று சொல்லிவிட்டு மூன்றாம் நாள்தான் போனோம். 1 ஸ்டார் போட்டுவிட்டார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மழை, மின்சாரம், எத்தனை வீடு என்று எங்கள் நியாயத்தையெல்லாம் நீளமாக எழுதினேன். காலையில் அழித்துவிட்டு இப்படி எழுதினேன்: "நீங்கள் சொல்வது சரி. அன்றே வருகிறோம் என்று சொல்லிவிட்டு வரவில்லை. வர முடியாது என்று கூப்பிட்டுச் சொல்லவும் இல்லை. அது எங்கள் தவறு. இப்போது நேரம் தவறினால் கூப்பிட்டுச் சொல்வதற்கென்றே ஒருவரை வைத்திருக்கிறோம்." அவர் ஸ்டாரை மாற்றவில்லை. ஆனால் அடுத்த மாதம் பாறசாலையிலிருந்து கூப்பிட்ட ஓர் அம்மா, அந்தப் பதிலைப் படித்துவிட்டுத்தான் கூப்பிட்டேன் என்றார். பதில் என்பது புகார் சொன்னவருக்காக மட்டும் எழுதுவதில்லை, இனி வரப்போகிறவர்களுக்கும் சேர்த்துத்தான்.

போட்டிக்காரர் போட்ட பொய் ரிவ்யூ என்று தெரிந்தால் கூகுளில் புகார் செய்யலாம். விதியை மீறியிருந்தால்தான் எடுப்பார்கள். நமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக எடுக்க மாட்டார்கள்.

எப்போது இது சரி: ஒரே ஊரில் இருந்து பல வருடம் தொழில் செய்யப்போகிறவருக்கு, எல்லை தாண்டிப் போகிறவருக்கு, வெளிநாட்டில் இருந்து கூப்பிடுகிறவர்களை நம்பி இருப்பவருக்கு. எப்போது போதாது: அடுத்த மாத வாடகைக்கே வேலை வேண்டும் என்ற நிலையில் இருப்பவருக்கு. இது மெதுவாகத்தான் வரும்.

## லிஸ்டிங், லீட் கம்பெனிகள்

ஜஸ்ட்டயல் 1996-ல் தொடங்கியது, ஃபோனில் கூப்பிட்டு எண் கேட்கும் சேவையாக. 2021-ல் ரிலையன்ஸ் ரீட்டெய்ல் அதில் பெரும்பங்கை வாங்கியது. சுலேகாவும் இதே வகைதான். இலவசமாகவும் பெயர் போட்டுக்கொள்ளலாம். காசு கட்டினால் மேலே காட்டுவார்கள், விசாரிப்பு வந்தால் நமக்கு அனுப்புவார்கள். அந்த விசாரிப்பைத்தான் லீட் என்கிறோம்.

நல்ல பக்கம் முதலில். கட்டிய வாரத்திலேயே ஃபோன் அடிக்கும். ஊருக்குப் புதிதாக வந்தவருக்கு, யாரையும் தெரியாதவருக்கு இதைவிட வேகமான வழி இல்லை.

இப்போது கணக்கு. எண்கள் விளக்கத்துக்கு மட்டும்: ஒரு லீட் 100 ரூபாய், ஐந்து லீடுக்கு ஒரு வேலை கிடைக்கிறது என்று வையுங்கள். ஒரு வேலையைப் பிடிக்க 500 ரூபாய். ஏசி வாட்டர் சர்வீஸில் பெட்ரோலும் பையன் கூலியும் போக 300 நின்றால் கையைக் கடிக்கும். அதே 500 செலவில் இன்வெர்ட்டரும் பேட்டரியும் சேர்ந்த ஒரு ஆர்டர் கிடைத்து, 2,000 நின்றால் தாராளமாகக் கட்டலாம். அதனால் நான் கேட்கும் முதல் கேள்வி, உங்கள் ஒரு வேலையில் கையில் எவ்வளவு நிற்கிறது என்பதுதான். அது தெரியாமல் எந்த விற்பனைப் பிரதிநிதியிடமும் உட்காராதீர்கள்.

மறைந்திருக்கும் செலவு என்று பார்த்தால், ஒரே விசாரிப்பு பெரும்பாலும் பல பேருக்குப் போகும். முதலில் கூப்பிடுகிறவருக்கும், விலையைக் குறைக்கிறவருக்கும்தான் வேலை. ஏணியில் நின்றுகொண்டிருப்பவன் எப்படி முதலில் கூப்பிடுவான்? இதற்கென்று கடையில் ஃபோனோடு ஓர் ஆள் உட்கார வேண்டும்.

அப்புறம் எல்லைச் சிக்கல். இவர்களுடைய பட்டியல்கள் நகரங்களை வைத்து ஓடுகின்றன. நாகர்கோவில் என்று போட்டால் ஆரல்வாய்மொழியிலிருந்து லீட் வரும், திருவனந்தபுரம் என்று போட்டால் கழக்கூட்டத்திலிருந்து வரும். இரண்டும் நமக்குத் தூரம். நடுவில் இருக்கும் மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலைக்கு வருவது குறைவு. கட்டும் முன்பே, 629-ல் தொடங்கும் எந்தெந்த பின்கோடுகள், 695-ல் தொடங்கும் எந்தெந்த பின்கோடுகள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நானும் ஒரு காலத்தில் ஒரு கம்பெனியில் கட்டினேன். பெயர் வேண்டாம். மாதத் தவணை, வங்கிக் கணக்கிலிருந்து தானாக எடுக்கும் ஒப்புதலில் கையெழுத்து. வேண்டாம் என்று சொன்ன பிறகும் இரண்டு தவணை போனது. வங்கிக்குப் போய் அந்த ஒப்புதலை ரத்து செய்த பிறகுதான் நின்றது. வாயால் "நிறுத்திடுங்க" என்று சொன்னது போதவில்லை. நிறுத்துவது எப்படி என்பதையும் கையெழுத்துப் போடும் அன்றே கேட்டுவிடுங்கள்.

எப்போது இது சரி: ஒரு வேலைக்கு நல்ல தொகை நிற்கும் தொழில், அல்லது வாழ்நாளில் ஒரு தடவை மட்டும் கூப்பிடும் தொழில். கரையான் மருந்து அடிப்பது, வீடு மாறும்போது சாமான் ஏற்றுவது போல. அங்கே பழைய வாடிக்கையாளர் திரும்பி வரமாட்டார், புதியவரைத் தேடியே ஆக வேண்டும். அப்போதும் மூன்று மாதம் கட்டிப் பாருங்கள், ஒவ்வொரு லீடையும் நோட்டில் எழுதுங்கள்.

## சர்வீஸ் ஆப்

இது சுருக்கமாகப் போதும். 2014-ல் அர்பன்கிளாப் என்று தொடங்கி 2020-ல் அர்பன் கம்பெனி என்று பெயர் மாறியதுதான் இதில் பெரியது. இந்த மாதிரி ஆப்பில் விலை, பயிற்சி, நேரம் எல்லாவற்றையும் அவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு வேலையிலும் கமிஷன் எடுக்கிறார்கள். வேலை தெரிந்த, கடை போட முதல் இல்லாத ஒரு பையன் நகரத்தில் போய்த் தொடங்க இது நல்ல வாசல். ஆனால் அங்கே வாங்கிய ஐந்நூறு நல்ல ரேட்டிங்கும் ஆப்புக்குள்தான் இருக்கும். வெளியே வந்து சொந்தமாகப் போர்டு மாட்டும் நாளில் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். பெருநகரத்தை வைத்து ஓடும் இந்த வழியை மார்த்தாண்டத்தில் உட்கார்ந்துகொண்டு கணக்கில் எடுக்க வேண்டியதில்லை.

## வாட்ஸ்அப் குழுவும் வாய்வார்த்தையும்

எங்கள் பக்கம் சர்ச் குழு, குடும்பக் குழு, பள்ளிக்கூட நண்பர்கள் குழு. அந்தப் பக்கம் ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் குழு, அது இன்னும் பலமானது. ஒரு அசோசியேஷன் குழுவில் ஒருவர் நம் எண்ணைப் போட்டு "நல்ல ஆள்" என்று சொன்னால் அந்த மாதம் அந்தத் தெருவிலேயே வேலை ஓடும். விளம்பரம் எதுவும் இந்த நம்பிக்கைக்கு ஈடாகாது, ஏனென்றால் சொன்னவரின் வீடு எது என்று கேட்பவருக்குத் தெரியும்.

ஆனால் அந்த நல்ல வார்த்தை நிற்பதில்லை. இரண்டு நாளில் குட்மார்னிங் படங்களுக்கு மேலே ஏறிக் காணாமல் போய்விடும். அடுத்த வருடம் அதே குழுவில் "ஏசி மெக்கானிக் நம்பர் இருக்கா?" என்று யாரோ கேட்கும்போது, அன்றைக்கு முதலில் பதில் போடுபவர் சொல்லும் எண்தான் போகும். மோசமான வார்த்தை வந்தாலோ இன்னும் கஷ்டம். நாம் அந்தக் குழுவில் இல்லை. என்ன சொன்னார்கள் என்றே தெரியாமல் ஒரு தெருவே நம்மைக் கூப்பிடுவதை நிறுத்திவிடும். எனக்கு அப்படி ஒரு தெரு உண்டு. காரணம் இன்றுவரை தெரியாது.

அதனால் குழுவில் யாராவது நல்லது சொன்னதாகத் தெரிந்தால், நன்றி சொல்லிவிட்டு, அதையே கூகுளிலும் எழுத முடியுமா என்று கேட்பேன். அங்கே எழுதினால் அடுத்த வருடமும் இருக்கும். 2018-ல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பையும் போட்டுக்கொள்ளுங்கள், இலவசம்தான். வாடிக்கையாளருக்கு லேபிள் போட்டு, கடைசியாக எப்போது சர்வீஸ் செய்தோம் என்று குறித்துவைத்தால் கோடைக்கு முன் நாமே கூப்பிடலாம். ஃபேஸ்புக் பக்கத்தில் 2018-லிருந்து ஸ்டாருக்குப் பதில் பரிந்துரைக்கிறீர்களா இல்லையா என்றுதான் கேட்கிறார்கள். பக்கம் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கென்று தனியாக நேரம் செலவழிக்கும் அளவுக்கு இல்லை.

## விலைக்கு வாங்கும் ரிவ்யூ

பனச்சமூட்டுத் தம்பி "ரிவ்யூ ஏத்தவா" என்று கேட்டது இதைத்தான். ஐம்பது ரிவ்யூ இவ்வளவு ரூபாய் என்று அவனுக்கு மெசேஜ் வந்திருக்கிறது. இதையும் ஒரு வழியாக வைத்தே பார்ப்போம்.

சட்டம் ஒரு பக்கம். 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் தடவைக்கே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைப்பு, ஆன்லைன் ரிவ்யூவுக்கென்றே ஐஎஸ் 19000 என்ற தரத்தை வெளியிட்டது. அது ரிவ்யூ வெளியிடும் தளங்களுக்கானது, வெளியிட்டபோது கட்டாயம் இல்லை. ஆனால் காசு கொடுத்து எழுதச் சொல்வதைப் பற்றி அரசு என்ன நினைக்கிறது என்பது அதிலிருந்து தெரிகிறது. கூகுளும் கண்டுபிடித்தால் சும்மா விடுவதில்லை. புதிய ரிவ்யூ வருவதைச் சில காலம் நிறுத்தலாம், இருப்பதை மறைக்கலாம், பொய் ரிவ்யூ நீக்கப்பட்டது என்று உங்கள் ப்ரொஃபைலிலேயே எச்சரிக்கை காட்டலாம்.

அதைவிட எளிதான காரணம் ஒன்று உண்டு: பார்த்தாலே தெரிகிறது. எழுதியவர் பெயரைத் தொட்டால் அவர் வேறு எங்கெல்லாம் எழுதினார் என்று பெரும்பாலும் வரும். ஒரே நாளில் ஜெய்ப்பூரில் ஹோட்டல், சூரத்தில் பல் மருத்துவர், பனச்சமூட்டில் பிளம்பர். மஸ்கட்டில் இருக்கும் மகன் நம் ஊர்ப்பிள்ளை. இந்த ஊரில் இந்தப் பெயரெல்லாம் கிடையாது என்று அவருக்குத் தெரியாதா? எல்லாமே 5 என்றாலும் சந்தேகம்தான் வரும். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஸ்பீகல் ஆய்வு மையம், ஆன்லைனில் பொருள் வாங்குவோரைப் பார்த்ததில், 5.0-ஐ விட 4.0 முதல் 4.7 வரை உள்ள மதிப்பீட்டுக்குத்தான் வாங்கும் வாய்ப்பு அதிகம் என்று கண்டது. இந்த வழி யாருக்கும், எந்த நிலையிலும் சரியில்லை என்பதுதான் என் முடிவு.

## அந்த மூன்று பேருக்கு

பிளம்பர் தம்பிக்குக் கூகுள். கடை இல்லை என்பது தடையில்லை. முகவரியை மறைத்துவிட்டு, வேலைக்குப் போகும் இடங்களை மட்டும் காட்டலாம், இருபது இடங்கள் வரை சேர்க்கலாம். பனச்சமூடும் வெள்ளறடையும் இரண்டு மாநிலமாக இருந்தாலும் ஒரே பட்டியலில் வரும். சரிபார்க்க வீடியோ கேட்பார்கள். பைக், கருவிப் பெட்டி, பில் புத்தகம், தெருப் பெயர் தெரியும் இடம் என்று ஒரே ஓட்டமாக எடுக்கச் சொன்னேன். பத்தாயிரத்தில் அட்டை அடிக்க ஐந்நூறு போதும். மிச்சத்துக்கு நல்ல ஒரு டிரில்லிங் மெஷின் வாங்கு என்றேன்.

இன்வெர்ட்டர் நண்பருக்கு ஒரு விற்பனையில் நல்ல தொகை நிற்கிறது, கடை திறந்து ஆறே மாதம். அவருக்கு மட்டும் மூன்று மாதம் லீட் கம்பெனி, மார்ச்சில் தொடங்கி மே வரை. அதில் பிடிக்கும் ஒவ்வொரு வீட்டிலும் கூகுள் அட்டை கொடுக்க வேண்டும். ஜூனில் லீடை நிறுத்தும்போது ரிவ்யூ கையில் இருக்கும்.

அலங்கார அக்காவுக்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. மணப்பெண் தனியாக முடிவு எடுப்பதில்லை. அக்கா, அத்தை, தோழி எல்லோரும் ஃபோனைச் சுற்றி உட்கார்ந்து படம் பார்த்துத்தான் முடிவு எடுப்பார்கள். எனவே வாட்ஸ்அப்பும் படமும் முதலில், கூகுள் அடுத்து. வீட்டு முகவரி வெளியே தெரியக் கூடாது. எண் வெளியே போனால் வேண்டாத அழைப்புகளும் வரும் என்று தயங்கினார். தனி சிம் ஒன்று வாங்கி வாட்ஸ்அப் பிசினஸில் போட்டு, அந்த எண்ணை மட்டும் கொடுக்கச் சொன்னேன். மணப்பெண்ணின் படத்தைப் போடும் முன் அவளிடமும் வீட்டாரிடமும் கேட்க வேண்டும், வேண்டாம் என்றால் கை மருதாணியை மட்டும் போடலாம்.

பத்து நாள் கழித்து அக்காவுக்கு முதல் ரிவ்யூ வந்தது. நெய்யாற்றின்கரையிலிருந்து, மணப்பெண்ணின் அக்கா எழுதியது, மலையாளத்தில் மூன்று வரி. என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லச் சொல்லி எனக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். கீழே மொழிபெயர்ப்பு என்று இருப்பதைத் தொடச் சொன்னேன். இப்போது மைக்கில் பேசிப் பேசிப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறார்.